மூன்றாவது பாட்டு

"இங்கதான்கா, கேளுங்க" என்று ஒலிப்பதிவு செய்கிற கிறிஸ்டோபர் ஹெட்போனை நீட்டினான்.

பிராமி காதில் மாட்டிக்கொண்டாள். தீபிகாவின் குரல் மெல்ல மெல்ல இறங்கி, கிடாரின் ஒற்றைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, கடைசியில் வெறும் மூச்சாகவே ஆகிவிடும் இடம். 'ஈரச் சாயம்' பாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. பிராமி கண்ணை மூடிக்கொண்டாள்.

கிரீ...ச்.

கண்ணைத் திறந்தாள்.

"அந்த ஆளா?"

"அந்த ஆளுதான்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். செருப்பு சத்தம்கூட க்ளியரா விழுந்துக்கீது, கேளுங்க. சரக், சரக், சரக். அப்பால கதவு சாத்துற சத்தம். அடுத்த பாட்டு முடியறப்ப திரும்பி வர்றாரு. அதுக்கு ஒரு கிரீச் தனியா இருக்குது."

"எடிட்ல தூக்க முடியாதா?"

"கதவைத் தூக்கினா தீபிகாவும் சேர்ந்து போயிடும்கா. ரெண்டு பேரும் ஒரே சுதியில இருக்காங்க."

பிராமி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்று சொல்வது மரியாதைக்காக. கிறிஸ்டோபர் அதை எடுத்து உடைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான்.

முசரவாக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்யும் சமண நயினார் வீட்டுப் பெண் பிராமி. காஞ்சிபுரத்தில் ஒரு இசை நிறுவனம் தொடங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, அப்பா தர்மதாஸ் நெடுநேரம் யோசித்து, "பாட்டுக் கேசட் கடையா? அதெல்லாம் இழுத்து மூடி எவ்ளோ வருஷம் ஆவுது" என்றார். பிள்ளையார்பாளையத்தில் காலியாகக் கிடந்த ஒரு ஜரிகை குடோனை வாடகைக்குப் பிடித்து, 'நாடா ரெக்கார்ட்ஸ்' என்று பலகை மாட்டினாள். பாட்டுப் பதிகிற நாடாவும் அதுதான், தறியில் ஓடுகிற நாடாவும் அதுதான் என்று பெருமையாக வைத்த பெயர். முதல் வாரமே நெசவாளர்கள் இரண்டு பேர் தறிக்கு நாடா கேட்டு வந்தார்கள். ஒரு அம்மாள் பாவாடை நாடா முழம் என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அதையெல்லாம் பிராமி பொறுத்துக்கொண்டாள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அந்தக் குடோனில் கச்சேரி. சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் மேடை. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறையுமளவுக்குக் கூட்டமும் வந்தது. அங்கேயே பதிவு செய்து இணையத்தில் ஆல்பமாக வெளியிடுவார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், ஆதிகேசவன் என்ற மனிதர் மட்டும் இல்லாமலிருந்தால்.

பட்டுப்புடவைக்கு அட்டைப்பெட்டி செய்து கடைகளுக்குப் போடுகிறவர் அவர். அறுபது வயதிருக்கும். ஒரு கச்சேரி தவறாமல் முதல் ஆளாக வருவார். டிக்கெட் வாங்குவார். கதவோர நாற்காலியில் உட்காருவார். முதல் பாட்டுக்குத் தலையாட்டுவார். இரண்டாவது பாட்டுக்குத் தொடையில் தாளம் போடுவார். மூன்றாவது பாட்டில் எழுந்து வெளியே போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து, மீசையில் டீ ஈரத்தோடு திரும்பி வந்து, எதுவுமே நடக்காததுபோல எல்லோரையும்விட பலமாகக் கைதட்டுவார்.

பிராமிக்கு இந்த விஷயத்தில் ஒரு கொள்கை உண்டு. சென்னையில் ஒருமுறை சபாவில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் காலில் ஒரு கட்டெறும்பு ஏறியது. பாடகர் அப்போதுதான் ராகத்தைத் தொட்டிருந்தார். பிராமி காலை அசைக்கவில்லை. எறும்பு கடிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் நிதானமாகக் கடித்துவிட்டு, பல்லவி முடிந்த பிறகு அதுவாக இறங்கிப் போனது. கச்சேரி கேட்பது என்றால் அப்படிக் கேட்க வேண்டும். பாடிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் முகத்துக்கு நேரே எழுந்து டீ குடிக்கப் போகிறவனை என்ன செய்வது?

இதில் இன்னொரு அவமானமும் சேர்ந்துகொண்டது. இணைய இதழ் ஒன்றில் 'ஈரச் சாய'த்துக்கு விமர்சனம் வந்தது. 'பாடலின் நடுவே ஒலிக்கும் துருப்பிடித்த கதவு, மனிதன் தன்னிடமிருந்தே வெளியேறும் அவலத்தைச் சொல்கிறது. இந்த ஆண்டின் துணிச்சலான இசைத் தேர்வு' என்று எழுதியிருந்தார்கள். பிராமி அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"துணிச்சலாம் துணிச்சல்! அட்டைப்பெட்டிக்காரரு டீ குடிக்கப் போனது இவனுக்குத் துணிச்சலா?"

"விடுங்கக்கா, பாராட்டிதான எழுதிக்கிறான்" என்றான் கிறிஸ்டோபர்.

"கதவைப் பாராட்டிக்கிறான்பா! தீபிகா பேரையே போடல!"

முதல் வேலையாக, கதவுக்கு எண்ணெய் போட்டாள். தானே ஸ்டூல் மேல் ஏறி நின்று, கீல் கீலாக, சொட்டச் சொட்டப் போட்டாள். அடுத்த கச்சேரியில் ஆதிகேசவன் எழுந்து போனபோது ஒரு சிணுங்கல்கூட இல்லை. பிராமி கிறிஸ்டோபரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். ஆனால் அது ஆடி மாதம். இத்தனை வருடம் துருப்பிடித்து அடங்கிக் கிடந்த இரும்புக் கதவு, இப்போது காற்றடித்த திசைக்கெல்லாம் ஆடியது. தீபிகா மூச்சாக மாறிய அதே இடத்தில் 'டமார்' என்று சாத்திக்கொண்டது. டிரம்ஸ் வாசிக்கிற பையன் தனக்குத்தான் அழைப்பு வந்துவிட்டது என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிட்டான்.

அதற்கடுத்த மாதம், கதவோர நாற்காலிகளையே எடுத்துவிட்டாள். ஆதிகேசவனை நட்டநடு வரிசையில், ஆஜானுபாகுவான இரண்டு பட்டு வியாபாரிகளுக்கு நடுவில் உட்காரவைத்தாள். மூன்றாவது பாட்டில் அவர் எழுந்தார். அவருக்கு வழிவிட வலப்பக்கத்து வரிசை முழுவதும் எழுந்து நின்றது. எழுந்ததுதான் எழுந்தோம் என்று அதில் பாதிப் பேர் அவர் பின்னாலேயே வெளியே போனார்கள். பின்வரிசைக்காரர்கள் கச்சேரி முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

தீபிகா மேடையிலேயே கண்கலங்கிவிட்டாள்.

அவள் பகலில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். பஸ் பயணத்தில் பாட்டெழுதுகிறவள். ஆளும் மெல்லிய ஆள், குரலும் மெல்லிய குரல்.

"நான் பாடறது அவருக்குப் புடிக்கலக்கா" என்றாள். "ரெண்டு பாட்டு வரைக்கும் பொறுத்துக்கினு இருக்காரு. மூணாவதுக்கு முடியல. பாவம்."

"யாரு பாவம்? அவரா பாவம்?"

"மேடை ஏறினா எனக்கு அவரு மட்டும்தான் தெரியறாரு. எப்ப எழுந்திருப்பாரோன்னு பாத்துக்கினே பாடறேன். அடுத்த மாசமும் அவரு எழுந்து போனா இதோட நிறுத்திக்கறேன்கா. சத்தியமா."

பிராமிக்குக் காது மடல்வரை சூடேறியது. எறும்புக் கடியில் அசையாதவள் அவள். ஆனால் ஒரு நல்ல பாடகி, ஒரு மனிதரின் டீ ஆசையால் பாட்டை விடுவதா?

"கவலைப்படாதே. அவரு சத்தமே கேக்காத மாதிரி பண்றேன்" என்றாள்.

கிறிஸ்டோபரும் அவளும் உட்கார்ந்து யோசித்தார்கள். தீபிகாவின் கச்சேரிக்கு முன்னால், அந்த மாதக் கடைசியிலேயே அபி என்ற பையனின் குழுவை வைத்து ஒரு சோதனைக் கச்சேரி நடத்துவது என்று முடிவாயிற்று. ஆரம்பமே அதிரடி. முதல் மூன்று பாட்டும் டிரம்ஸ், பறை, மின்சார கிடார் என்று கூரை பெயர்கிற மாதிரி. அந்த இரைச்சலில் ஆதிகேசவன் எழுந்து போனால் என்ன, யானை எழுந்து போனால்கூட மைக்குக்குத் தெரியாது.

கூரை பெயரத்தான் செய்தது. ஓட்டிலிருந்து பழைய ஜரிகைத் தூசி பொன்மழையாகக் கொட்டியது. ஆனால் ஆதிகேசவன் மூன்றாவது பாட்டு வரைகூடக் காத்திருக்கவில்லை. இரண்டாவது பாட்டு தொடங்கிய உடனேயே பதறி எழுந்தார். நடக்கக்கூட இல்லை, ஓடினார். ஓடிய வேகத்தில் வயர் காலில் சிக்கி, பதிவுப் பெட்டி மேசையோடு சரிந்தது. கிறிஸ்டோபர் அதைத் தாங்கிப் பிடித்தான். பதிவு போய்விட்டது. அவன் கட்டைவிரலும் வீங்கிவிட்டது.

"மன்னிச்சிக்கபா!" என்று கத்திக்கொண்டே அவர் வெளியே போய்விட்டார்.

"பாத்தியா? பாட்டு நல்லா இருந்தா நடந்து போறாரு, சுமாரா இருந்தா ஓடறாரு! இந்த ஆளு நம்மளுக்கு மார்க் போட்டுக்கினு இருக்காருபா!" என்றாள் பிராமி.

மறுநாள் காலை நேரே அவருடைய கடைக்கே போனாள். ஆதிகேசவன் அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சி பிராமியின் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"வாமா, வாமா. உக்காரு. டீ சொல்லட்டா?"

"டீ பேச்சே எடுக்காதீங்க சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க பாட்டு உங்களுக்குப் புடிக்கலையா?"

"யாரு சொன்னது? உசுருமா எனக்கு! அதுவும் அந்தப் பொண்ணு தீபிகா பாடுதே, இன்னா கொரலு!"

"அப்ப எதுக்கு மூணாவது பாட்டுல எழுந்து போறீங்க?"

ஆதிகேசவன் பசை வாளியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். "அது... சும்மாமா. கொஞ்சம் காத்து வாங்க."

"காத்துதானே? ஃபேனுக்கு நேரா சீட்டு போட்டுத் தர்றேன்."

"ஃபேன் காத்து எனக்கு ஆவாதுமா."

"சுகர் ஏதாவது இருக்குதா சார்? அடிக்கடி போவணுமா? அப்டி இருந்தா கூச்சப்படாம சொல்லுங்க."

"சேச்சே! அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல."

"உங்களால அந்தப் பொண்ணு பாடறதையே வுட்டுடறேன்னு அழுவுது சார். தெரியுமா உங்களுக்கு?"

அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். மறுபடி எடுத்தார்.

"அது அழக்கூடாதுமா. நான் அதோட நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்கு எழுந்து போறீங்களா? ரொம்ப நல்லா இருக்குது சார்! தயவுசெஞ்சி ஒண்ணு பண்ணுங்க. அடுத்த மாசம் வராதீங்க. டிக்கெட்டே வாங்காதீங்க."

"வராம எப்டிமா?" என்றார் ஆதிகேசவன், வெகு சாதாரணமாக. "நான் வரலன்னா உன் கச்சேரி நடக்குமா?"

பிராமி அங்கிருந்து எப்படிக் குடோனுக்கு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வழியில் சைக்கிளில் வந்த ஒருவரை முறைத்தாள். காய்கறி வண்டிக்காரர் வணக்கம் சொன்னதற்கு, "இன்னா இப்ப?" என்றாள்.

"அவரு வரலன்னா கச்சேரி நடக்காதாம்பா!" என்று கிறிஸ்டோபரிடம் குமுறினாள். "இடம் நான் புடிச்சேன். மைக் நீ வாங்கின. பாட்டு அந்தப் பொண்ணு எழுதிச்சு. ஆனா கச்சேரி அவராலதான் நடக்குதாம்! வாங்கின ஒரு டிக்கெட்டுக்கு இவ்ளோ கர்வமா?"

"உள்ள வுடாம நிறுத்திடலாமா?"

"வெளிய நின்னுக்கினு கதவைத் தட்டுவாரு. அந்த ஆளு செய்வாரு." பிராமி நடந்தாள். நின்றாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. கிறிஸ்டோபருக்கு அந்த வெளிச்சம் பயத்தைக் கொடுத்தது. "அவரு இல்லாம கச்சேரி நடக்காது இல்ல? சரி. அப்டியே வெச்சிக்கலாம்."

இரண்டே நாளில் போஸ்டர் ஒட்டப்பட்டது. 'தீபிகாவின் பாடல்கள். நேரடிப் பதிவு. சிறப்பு விருந்தினர்: இசை ரசிகர் திரு. ஆதிகேசவன்.'

ஆதிகேசவன் அந்தப் போஸ்டர் முன்னால் நின்று தன் பெயரைப் பலமுறை படித்ததாகக் கேள்வி. சனிக்கிழமை மாலை, கஞ்சி போட்ட சட்டையும் நெற்றியில் நாமமுமாக வந்தார். கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிய சிவப்பு வெல்வெட் நாற்காலி, முன்வரிசைக்கும் முன்னால் தனியாக, தீபிகாவுக்கு நேர் எதிரே போடப்பட்டிருந்தது. பிராமி மைக்கைப் பிடித்தாள்.

"நம்ம எல்லா கச்சேரிக்கும் முதல் ஆளா வர்றவரு. இன்னிக்கு கடைசி பாட்டு வரைக்கும், கடைசி பாட்டு வரைக்கும், நம்மோட இருந்து ஆசீர்வாதம் பண்ணப் போறாரு."

சால்வை போர்த்தினாள். கூட்டம் கைதட்டியது. ஆதிகேசவன் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, "கடைசி பாட்டு வரைக்குமாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா சார். சிறப்பு விருந்தினர் நடுவுல எழுந்திரிச்சா நல்லாவா இருக்கும்?"

பிராமி பின்னால் போய் இரும்புக் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். சாவியைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு, வெல்வெட் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

தீபிகா முதல் பாட்டைக் கொஞ்சம் நடுக்கத்தோடு தொடங்கினாள். ஆதிகேசவன் தலையாட்டினார். அவள் முகம் தெளிந்தது. இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் சேர்ந்தது, கூட்டம் சேர்ந்து பாடியது. குடோன் அதிர்ந்தது. ஆதிகேசவன் தொடையில் தாளம் போட்டார். பிறகு தாளம் நின்றது. கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தார்.

"அம்மா பிராமி."

"உஷ்ஷ்."

"ஒரே நிமிசம் வெளிய போய்ட்டு வந்துடறேன்."

"பாட்டு முடியட்டும் சார்."

"வெளிய ஒருத்தரு வருவாருமா. நான் பாக்கணும்."

"வந்தா உள்ள வரட்டும். டிக்கெட்கூட வேணாம். உக்காந்து கேக்கட்டும்."

"அய்யோ, அவரு உள்ள வரக்கூடாதுமா!"

"சார்," என்றாள் பிராமி பல்லைக் கடித்துக்கொண்டு, "போர்த்தின சால்வைக்காவது மரியாதை குடுங்க."

மூன்றாவது பாட்டு தொடங்கியது. ஆதிகேசவன் நாற்காலியில் முன்னும் பின்னும் நெளிந்தார். வியர்வை நாமத்தைக் கரைத்து மூக்கின் மேல் இறக்கியது. எழப் பார்த்தார். பிராமி சால்வையின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் பிராமியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தீபிகாவுக்கு அது மட்டும்தான் தெரிந்தது: அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதுவரை யாரும் கேட்டிராத மாதிரி பாடினாள். குரல் இறங்கியது, இறங்கியது, கிடாரின் ஒற்றைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது, மூச்சானது. கதவு இல்லை. செருப்பு இல்லை. டமார் இல்லை. கிறிஸ்டோபர் வீங்கிய கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இத்தனை மாதக் கோபமும் கரைந்து பிராமியின் கண்ணில் நீராகத் திரண்டது.

டம்! டம்! டம்!

இரும்புக் கதவில் யாரோ தடியால் அடித்தார்கள். தீபிகா கண்ணைத் திறந்தாள். பாட்டு நின்றது.

டம்! டம்! "திறங்கபா! உள்ள யாரு?"

பிராமி ஆத்திரத்தோடு எழுந்து போய், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். வெளியே தெருவில் மோட்டார் சைக்கிள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு ஒரு ஏட்டய்யா நின்றார்.

"யாருமா நடத்துறது? மைக் செட்டுக்கு பர்மிஷன் இருக்குதா?"

"பர்மிஷனா? கதவை சாத்திக்கினுதானே சார் பாடறோம்?"

"கதவை சாத்தினா? இந்தச் சந்துல டம்மு டம்முனு அடிச்சா பக்கத்துத் தெருவே அதிருது. மொதல் பாட்டுக்கே ஸ்டேஷனுக்கு போன் வந்துடுது. நாங்க வண்டிய எடுத்துக்கினு வந்து சேர மூணு பாட்டு ஆவுது. அணைங்க எல்லாத்தையும். பொட்டியெல்லாம் ஸ்டேஷனுக்கு வரணும்."

கிறிஸ்டோபரின் கை தானாகவே எல்லா பொத்தானையும் இறக்கியது. குடோனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. தீபிகா மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிராமி வாசலையும் ஏட்டய்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை மாதம் நடத்திய கச்சேரியில் ஒருநாள்கூட இப்படி ஒரு ஆள் வாசலுக்கு வந்ததில்லையே, இன்றைக்கு மட்டும் ஏன்?

ஏட்டய்யா உள்ளே நடந்து வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். முன்னால் வெல்வெட் நாற்காலியில், கரைந்த நாமமும் சால்வையுமாகக் குறுகி உட்கார்ந்திருந்த ஆதிகேசவனைப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மாறி, குரல் கனிந்துவிட்டது.

"அட, இங்கதான் இருக்கீங்களா சார்? மாசா மாசம் நான் வண்டிய நிறுத்தறதுக்குள்ள ஓடியாந்து, 'என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் சார், கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்'னு கையப் புடிச்சி, டீ வாங்கிக் குடுத்து அனுப்புவீங்களே, இன்னிக்கு வாசல்ல ஆளைக் காணோமேன்னு பாத்தேன்... இந்த மாப்ளையாவது அமைஞ்சிடுச்சா?"